வாளியோடு நின்ற பாட்டு

கூட்டாளிகளே, உங்கள் முட்டிவலியையும் சர்க்கரை அளவையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாள்: "சின்ன வயசுல நீ எப்பயாச்சும் ஒரு வேலைய முழுசா முடிச்சிருக்கியா?" நல்ல கேள்வி. முடித்ததாக எனக்கு நினைவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பதினொரு வயதில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், ஒரு வருஷக் கடைசி விடுமுறை முழுவதும் உட்கார்ந்து கிட்டாரில் ஒரு நாட்டுப்பாட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அதையும் நான் முடிக்கவில்லை, என் அம்மாதான் முடித்தார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கிட்டாரை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். அவருடைய நண்பர் ஒருவர், ரயிலில் கார்டு வேலை, கல்யாணம் ஆகாதவர், வடக்கே மாற்றலாகிப் போனபோது தன் சாமான்களை நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார். மெத்தை ஒரு வீட்டுக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு வீட்டுக்கு, எங்களுக்குக் கிட்டார். "பிள்ளைங்க யாராச்சும் வாசிக்கட்டும் லா" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அப்பா அதை அலமாரிக்கு மேலே படுக்க வைத்தார். அதன் வயிற்றுக்குள் ஒரு பல்லி குடியிருந்தது.

"பிள்ளைங்க யாராச்சும்" என்றால் அப்பாவின் அகராதியில் ஆண்பிள்ளை. வீட்டில் இருந்த ஆண்பிள்ளை என் தம்பி, ஆறு வயது, அதைக் கீழே இறக்கினால் படகு விடுவான். அதனால் கிள்ளானில் இருந்த இன்னொரு நண்பரின் மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். எனக்கு அதுவரை அந்தக் கிட்டார் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வேறொருவனுக்குப் போகப் போகிறது என்றதும் உயிர் போவதுபோல் ஆகிவிட்டது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கிட்டாரு? வீணை கத்துக்க" என்றார் அப்பா.

"வீணை வாங்கித் தாங்க."

அப்பா பேப்பரைத் திருப்பிக்கொண்டார். நான் உண்ணாவிரதம் இருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி கொடுத்த இரண்டு இடியாப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், முழுசாக அரை நாள் இருந்தேன். சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

"வருஷக் கடைசி விருந்து இருக்குல்ல, ஹால்ல. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு பாட்டு வாசி. இங்கிலீஷ் பாட்டு வேணாம், நம்ம நாட்டுப்பாட்டு. முழுசா வாசிக்கணும், பாதில நிறுத்தக் கூடாது. வாசிச்சா உனக்கு. இல்லன்னா அன்னைக்கே கிள்ளானுக்குப் போயிரும். ஓகேயா?"

"ஓகே" என்றேன். ஆறு வாரம் இருந்தது. எனக்குக் கிட்டாரும் தெரியாது, நாட்டுப்பாட்டும் தெரியாது.

அப்பா நாட்டுப்பாட்டு கேட்டதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் கிராமியப் பாடல்கள் போடுவார்கள். அப்பா கண்ணை மூடி, நாற்காலிக் கையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்பார். "இதுதான் லா பாட்டு. மண்வாசன" என்பார். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவாட்டர்ஸில். மண் என்று அவர் மிதித்தது தண்டவாளத்து ஜல்லியைத்தான்.

கிட்டாரோடு ஒரு பழைய புத்தகமும் வந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம், கட்டத்துக்குள் புள்ளிகள். புள்ளிக் கோலம்போல் இருந்ததால் எனக்குப் பயமே வரவில்லை. எந்தப் புள்ளியில் எந்த விரலை வைப்பது என்று பார்த்து மூன்று கம்பிகளை ஒன்றாக அழுத்தினால் ஒரு கோர்டு. நானும் தம்பியும் அதைப் 'பிடி' என்றோம். முதல் பிடி, இரண்டாம் பிடி, மூன்றாம் பிடி. நாலாம் பிடிக்கு என் சுண்டுவிரல் எட்டவில்லை, ஆகவே உலகத்தில் மொத்தம் மூன்று பிடிதான் என்று முடிவு செய்தேன். கம்பியைத் தட்டுவதற்கு அம்மாவின் சோப்பு டப்பா மூடியை வெட்டிக்கொண்டேன். அந்தப் பச்சை நிறத் துண்டு பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. இன்றும் பழைய கைப்பைகளைக் கொட்டும்போது ஒருமுறை கண் தேடும்.

சுருதி சேர்க்க எங்களிடம் எதுவும் இல்லை. ஷெட்டில் டீசல் இஞ்சின் ஹாரன் அடிக்கும்போது தடித்த கம்பியை அந்தச் சத்தத்துக்கு முறுக்குவேன். மற்றக் கம்பிகளை அதற்குப் பொருத்தமாக, குத்துமதிப்பாக. இஞ்சின் மாறினால் என் சுருதியும் மாறும். இடது கை விரல்நுனிகள் கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளித்தன. சாப்பிடும்போது வலது கை, நல்லவேளை. பக்கத்து வீட்டு ஆன்டி சுவர் வழியாகக் கேட்பார்: "பாப்பா, பூனைய என்ன பண்ற?"

இரண்டு வாரத்தில் மூன்று பிடியும் வந்துவிட்டன. பாட்டுதான் வரவில்லை. ரேடியோப் பாட்டு ஒருமுறை ஓடிப் போனால் போனதுதான், திருப்பிப் போடச் சொல்ல முடியாது. எழுதலாம் என்று பென்சிலை எடுப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் சமையலறையிலிருந்து அது கேட்டது. அம்மா தரையில் துருவுமணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளேயே ஏதோ பாடினார்.

கோட்டு மேல கோடு போட்டேன் – அடியே
கொசுவுக்கு விருந்து வச்சேன்
நேத்து வச்ச விருந்துக்கே – அது
நெளிஞ்சு நெளிஞ்சு சிரிக்குதடி

"அம்மா, அது என்ன பாட்டு?"

"எது?"

"இப்ப பாடினீங்களே."

"நான் எங்க பாடினேன்? போ, போய்ப் படி."

உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அம்மா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். என் வயதிலேயே பால்வெட்டுக்குப் போனவர். விடிவதற்குள் மரத்துக்கு மரம் போய்ப் பட்டையில் சரிவாகக் கோடு கீறி, கிண்ணத்தில் வடியும் பாலை வெயில் ஏறியதும் வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து மேட்டில் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கொண்டுபோகிற வேலை. கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு தோட்டத்தைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. யாராவது கேட்டால் "நாத்தம் பிடிச்ச வேலை, அத எதுக்குப் பேசிக்கிட்டு" என்பார். அந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசை துளியும் அவருக்கு இருந்ததில்லை.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னேன். வரவில்லை. "வார்த்த இங்கதான் நிக்குது, ராகம் வர மாட்டேங்குது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். திரும்பிப் போய்த் துருவுமணையில் உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றில் பாட்டு வந்தது. மரப்பட்டை கீறும் கையும் தேங்காய் துருவும் கையும் ஒரே மாதிரி இழுத்து இழுத்துப் போகிறதாம். கை ஓடினால்தான் வாய் ஓடும்.

சரி, தேங்காய்தானே. மறுநாளிலிருந்து எனக்கு அடங்காத தேங்காய்ப் பசி எடுத்தது. தோசைக்குச் சட்னி, இட்லிக்குச் சட்னி, ரொட்டிக்கும் சட்னி, மத்தியானம் பொரியலில் தேங்காய், சாயங்காலம் புட்டு. அம்மா துருவ, நான் எதிரே கிட்டாரோடு உட்கார்ந்து பிடிகளைத் தேடினேன். பத்தாவது நாள் அப்பா தட்டைப் பார்த்தார்.

"வீட்ல தோப்பு ஏதும் வாங்கியிருக்கோமா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் பகுதி கைக்கு வந்துவிட்டது. ஆனால் பாட்டு எப்போதும் ஒரே இடத்தில் நின்றது. "வாளி நெறஞ்சு போச்சுதடி" என்ற அடியோடு சரி.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தூக்கிக்கிட்டுப் போவோம்."

"பாட்டு?"

"அதுவும் கூடத்தான் வரும்." அம்மா கையிலிருந்த தேங்காய் மூடியைப் பார்த்தார். "இப்ப வரல. எப்படிப் போகும்னே தெரியல."

விருந்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மத்தியானம் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நான் பாதியில் எழுந்துவிட்டேன். கை ஓடினால் வாய் ஓடுகிறது என்றால், இரண்டாம் பகுதிக்குத் தோள் வேண்டும். பின்சந்துக்கு ஓடினேன். துணி காயப்போடும் மூங்கிலை உருவினேன். தம்பி இரண்டு தகர வாளியிலும் தண்ணீர் பிடித்தான்.

"உனக்குப் பைத்தியமா? யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார் அம்மா.

"கிட்டார் கிள்ளானுக்குப் போனா நான் அழுவேன்."

"அழு."

அழுதேன். நடிப்பாகத்தான் ஆரம்பித்தேன், நடுவில் நிஜமாகிவிட்டது. அம்மா சந்தின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தார். கைலியைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். குனிந்து மூங்கிலைத் தோளில் வைத்து எழுந்தார், உடனே திரும்பவும் இறக்கினார்.

"இது பத்தாது. நெறைய ஊத்து."

தம்பி விளிம்பு வரை ஊற்றினான். அம்மா எழுந்து நடந்தார். அது அவர் நடையே இல்லை. குட்டி குட்டி எட்டு, இடுப்புக்கு மேலே ஆடாமல், முழங்கால் மட்டும் மடங்கி மடங்கி. மூங்கில் வளைந்து நிமிர்ந்தது. ஐந்தாவது எட்டில் பாட்டு வந்தது, அதுவும் நல்ல சத்தமாக.

அலுங்காம வா வாளி – நீ
தளும்பாம வா வாளி
மேட்டு மேல கிராணி நிக்கிறான் – அவன்
மீசைக்குப் பயந்து வா வாளி

அம்மாவின் பழைய தாவணியை வாராகக் கட்டிக் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். சொற்களை நினைவில் வைப்பது தம்பியின் வேலை. சந்துக் கோடி வரை போய்த் திரும்பினோம். மறுபடி. மறுபடி. நாலாவது நடையில் பக்கத்து வீட்டு ஆன்டி கரண்டியோடு பின்வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா அப்படியே நின்றார். தண்ணீர் சிந்தியது.

ஆன்டி மூங்கிலையும் வாளிகளையும் பார்த்தார். பிறகு கரண்டியைத் துணித் தொட்டி மேல் வைத்தார்.

"அக்கா, 'மீசைக்கு'ங்கிற எடத்துல இழுக்கணும். நீங்க வெடுக்குனு விட்டுட்டீங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் தோட்டந்தான் அக்கா, தெலுக் பங்லிமா காராங் பக்கம். எங்கம்மாகூட ஏழு வருஷம் தூக்கியிருக்கேன்." ஆன்டி குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரர் வீட்ல சொல்றதில்ல."

ஒன்பது வருஷமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். ஒருவருக்கொருவர் சீனி, மல்லித்தூள், பிள்ளைகளின் பழைய யூனிஃபார்ம் எல்லாம் கொடுத்துக்கொண்டவர்கள். இதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று சந்தில் நின்று இருவரும் சிரித்த சிரிப்பில் அம்மா சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த நடையில் ஆன்டி மூங்கிலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த விடுமுறையிலேயே மிகவும் பிடித்த மத்தியானம் அதுதான்.

விருந்து நாள் வந்தது. ஹாலில் வாழையிலைச் சாப்பாடு, மேடைக்குப் பக்கத்தில் இரண்டு மின்விசிறி, அப்பா புது பாத்தேக் சட்டையில். கிள்ளான் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். கையோடு ஒரு காலி கிட்டார் உறையும் கொண்டு வந்திருந்தார். அதை நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார், நான் பார்த்துவிட்டேன்.

மைக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாடினேன். சுருதி அன்று நல்ல இஞ்சினுக்குச் சேர்த்தது, கெடாமல் நின்றது. கோட்டு மேல கோடு போட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாம் பகுதியில் "மீசைக்கு" என்று ஆன்டி சொன்ன இடத்தில் இழுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் தாளமாகச் சேர்ந்துகொண்டது. எத்தனை பேர் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்களோ, எனக்கு என்ன தெரியும். கடைசி அடியைப் பாடி, கம்பியில் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை நிறுத்தினேன். கை தட்டினார்கள்.

அப்பா எழுந்து நின்று தட்டினார். "முடிஞ்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சிருச்சு பா."

"முடியல" என்று ஒரு குரல்.

அம்மா. பெண்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலி. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்தினார். ஹாலே திரும்பிப் பார்த்தது. கிள்ளான் நண்பர் நாற்காலிக்கு அடியில் குனிந்தார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பெற்ற தாய், தன் வாயாலேயே என் கிட்டாரைத் தூக்கிக் கொடுக்கிறார்.

"முடியலையா?" என்றார் அப்பா. "பாதியா அப்போ?"

"முக்கால்" என்றார் அம்மா. "வாளியோட மேட்டுலேயே நின்னுட்டா எப்படிங்க? வீட்டுக்கு வர வேணாமா?"

யாரோ சிரித்தார்கள். அம்மா எழுந்தார். துருவுமணை இல்லை, மூங்கில் இல்லை. பால் நிறுத்துக் கொடுத்த பிறகு வெறுங்கையோடு வீடு திரும்பும்போது பாடுகிற பகுதி அது, நான் அதுவரை கேட்டே இராதது. அதற்கு ஒன்றும் தேவையில்லை. கையைத் தொங்கவிட்டு நின்றபடியே பாடினார்.

கைய வீசி வாரேன் மாமா – நீ
கதவத் தொறந்து வை
பால் நாத்தம் அடிக்குதுன்னா – உன்
மூக்கப் பொத்தி வை
வாசந்தான் வேணுமுன்னா – ஒரு
மல்லி வாங்கி வை

முதல் இரண்டு அடிக்கு நான் வாசிக்கவே இல்லை, வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். மூன்றாவது அடியில் சுரணை வந்து முதல் பிடியைப் போட்டேன், தப்பு. இரண்டாவது பிடி, சரியாக உட்கார்ந்தது. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து பாடினார். இந்த முறை ஒரு பிடியும் தப்பவில்லை. மூன்றே பிடிக்குள் அந்தப் பாட்டு அடங்கியதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் பாடினார்கள். "மூக்கப் பொத்தி வை" என்ற இடத்தில் ஆன்டி தன் கணவரைத் திரும்பிப் பார்த்துப் பாடினார், அங்கிள் குனிந்து செருப்பைச் சரி செய்தார்.

ஒன்றை அன்று நான் புரிந்துகொள்ளவில்லை. அம்மா எனக்குச் சொன்னது எனக்கு நாற்பது வயதானபோது. அவர்கள் கல்யாணத்தன்று அப்பா வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், "பொண்ணு கையெல்லாம் கழுவிட்டுத்தான் வந்துச்சா, பால் வாட அடிக்குதே" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். அப்பா கெட்டவர் இல்லை. கூட்டத்தில் சிரிக்காமல் இருக்கத் தெரியாத இளைஞர், அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா அந்த வீட்டில் தெரிந்து ஒரு பாட்டும் பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவுக்கு முன்னால் கண்ணை மூடி மண்வாசனை தேடிய மனிதருக்கு, அது எட்டடி தள்ளி அடுப்படியில் இருந்தது தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. இந்த முறை உண்மையாகவே முடிந்தது. அப்பா உட்கார்ந்திருந்தார். கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மேடைக்கு வந்து என் கழுத்திலிருந்து கிட்டாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "போலாம்" என்றார். அவ்வளவுதான். எனக்கா கிள்ளானுக்கா என்று தெரியவில்லை. முழுப் பாட்டு வாசித்தேன்தான், ஆனால் கடைசியை அம்மா எடுத்துக் கொடுத்தார். அப்பா சட்டம் பேசினால் நான் தோற்றேன்.

சாயங்கால வெயிலில் நாலு பேரும் நடந்தோம். அப்பா முன்னால், கிட்டார் அவர் முதுகில் ஆடிக்கொண்டு வந்தது. அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏம்மா சொன்னீங்க?" என்று நான் கிசுகிசுத்தேன். "தாங்கல" என்றார்.

பூக்கடை வரிசையில் அப்பா நின்றார்.

"என்ன வேணும் பாஸ்?" என்றார் பூக்கார அண்ணன்.

"மல்லி. ரெண்டு முழம்."

பையில் கைவிடப் போனவருக்குக் கிட்டார் வார் இடித்தது. கழற்றினார். சுற்றும் முற்றும் பார்த்தார், அதை வைக்க இடமில்லை. என்னிடம் நீட்டினார்.

"இந்தா, உன் சாமான நீயே வச்சுக்க."

அதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா, கூட்டாளிகளே. குடையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அப்பா பூப்பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நடுரோட்டில் நின்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். டிக்கெட் கிழித்துப் பழகிய அந்தக் கைகளுக்குக் கொண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு முறை ஊசி விழுந்தது, தம்பி பொறுக்கிக் கொடுத்தான். நான் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.